மெட்ரிக் மதிப்பெண் குறைந்து பல்கலைக்கழக இடம் கைநழுவும்போது: தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில் மெட்ரிக் எனப்படும் 12-ஆம் வகுப்பு இறுதித் தேர்வின் முடிவுகள் ஜனவரி நடுவில், பொங்கலுக்குச் சில நாள் முன்போ பின்போ வெளிவருகின்றன. பண்டிகைக்காக உறவினர் கூடியிருக்கும் வீட்டில், பிள்ளை எத்தனை ‘டிஸ்டிங்ஷன்’ வாங்கினான் என்று பெரியம்மாவும் மாமாவும் கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்திலேயே, பல்கலைக்கழகம் கேட்ட மதிப்பெண் வரவில்லை என்ற செய்தியும் வந்து சேர்கிறது. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், லெனேசியா என எங்கு வாழ்ந்தாலும் ஆண்டுதோறும் பல தமிழ்க் குடும்பங்கள் இந்த நிலையைச் சந்திக்கின்றன. அதன்பின் வரும் இரண்டு மூன்று வாரங்களில் எடுக்கும் முடிவுகள் அடுத்த நான்கைந்து ஆண்டுகளைத் தீர்மானிப்பதால், எதை முதலில் செய்ய வேண்டும், எதை அவசரப்பட்டுச் செய்யக் கூடாது என்பதை வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன்.

இடம் போய்விட்டது என்று சொல்லும் குடும்பங்களில் பெரும்பாலானோருக்கு எந்த நிபந்தனை தவறியது என்பது சரியாகத் தெரிந்திருப்பதில்லை. தவறிய நிபந்தனை எது என்பதைப் பொறுத்தே திறக்கும் வழியும் மாறுகிறது. ஆகவே அதைக் கண்டறிவதே முதல் வேலை. மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எந்த நிபந்தனை தவறியது?

பள்ளியில் தரும் மதிப்பெண் விவரத் தாளையும், பல்கலைக்கழகம் அனுப்பிய தற்காலிக இட ஒப்புதல் கடிதத்தையும் அருகருகே வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் 11-ஆம் வகுப்பு மதிப்பெண்களையோ 12-ஆம் வகுப்பின் இடைக்கால மதிப்பெண்களையோ பார்த்து நிபந்தனையுடன் இடம் தருகின்றன. இறுதி முடிவு வந்ததும் அந்த இடத்தை உறுதி செய்கின்றன அல்லது திரும்பப் பெறுகின்றன. அந்தக் கடிதத்தில் உள்ள நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் படித்து, எது நிறைவேறியது, எது நிறைவேறவில்லை என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் தேர்ச்சியின் வகையைப் பாருங்கள். மெட்ரிக் சான்றிதழில் பேச்சிலர் பாஸ், டிப்ளமா பாஸ், உயர் சான்றிதழ் பாஸ் என மூன்று வகை உண்டு. பேச்சிலர் பாஸ் பெறுவதற்கு ஹோம் லாங்குவேஜ் பாடத்தில் குறைந்தது 40 சதவீதமும், லைஃப் ஓரியன்டேஷன் என்ற வாழ்க்கைத் திறன் பாடம் நீங்கலான நான்கு பாடங்களில் 50 சதவீதமும், மேலும் இரண்டு பாடங்களில் 30 சதவீதமும் வேண்டும். இது இல்லாதவருக்கு எந்தப் பல்கலைக்கழகமும் நேரடியாகப் பட்டப்படிப்பில் இடம் தருவதில்லை. எவ்வளவு கெஞ்சி மின்னஞ்சல் எழுதினாலும் பயனில்லை. இங்கே தேவைப்படுவது டிப்ளமா வழியோ, மீண்டும் தேர்வு எழுதுவதோதான்.

பேச்சிலர் பாஸ் இருந்தும் ஏ.பி.எஸ். எனப்படும் சேர்க்கைப் புள்ளிகள் குறையலாம். 80-க்கு மேல் எடுத்தால் 7, 70 முதல் 79 வரை 6, 60 முதல் 69 வரை 5, 50 முதல் 59 வரை 4 என்று பாட நிலைகளைக் கூட்டிப் பெறுவதே இந்தப் புள்ளிகள். ஆனால் கூட்டும் முறை பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறுபடுகிறது. பல இடங்களில் லைஃப் ஓரியன்டேஷன் கணக்கில் சேருவதில்லை. கேப்டவுன் பல்கலைக்கழகம் நிலைகளை விட்டுவிட்டுச் சதவீதங்களையே கூட்டுகிறது. ஓரிடத்தில் போதாத அதே மதிப்பெண் இன்னோரிடத்தில் போதுமானதாக அமைவதற்கு இந்த வேறுபாடும் ஒரு காரணம்.

மொத்தப் புள்ளிகள் போதுமானவையாக இருந்தும், கணிதத்திலோ பௌதிக அறிவியலிலோ கேட்ட நிலை வராமல் போவதும் உண்டு. கணிதத்துக்குப் பதிலாக, அன்றாடக் கணக்குகளைக் கற்பிக்கும் எளிய பாடமான மேத்ஸ் லிட் எடுத்தவர்களுக்கு, அதில் 90 வாங்கியிருந்தாலும், பொறியியலுக்கும் அறிவியலுக்கும் பெரும்பாலான வணிகவியல் பட்டங்களுக்கும் கதவு மூடியே இருக்கும்.

கடைசியாக, எல்லா நிபந்தனைகளையும் நிறைவேற்றியும் இடம் கிடைக்காமல் போகலாம். அப்போது உங்கள் மதிப்பெண்ணில் குறை எதுவும் இல்லை. இடங்கள் நிரம்பிவிட்டன என்பதே பொருள். குறைந்தபட்சத் தகுதி என்று அச்சிட்டிருப்பது விண்ணப்பிக்கும் தகுதியைத்தான் குறிக்கிறது. அது இடத்துக்கான உறுதிமொழி ஆகாது. இப்படிப்பட்டவர்கள் காத்திருப்போர் பட்டியலில் தங்கள் பெயர் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, பதிவு முடியும் வரை விலகாமல் இருப்பது நல்லது. வேறிடத்தில் இடம் பெற்றவர்கள் விட்டுச்செல்லும் இருக்கைகள் பதிவுக் காலத்திலும் திறக்கின்றன.

முதல் வாரம்

முடிவு வந்த அன்றே பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் ‘நிபந்தனை இடம்’ என்பது மாறாமல் இருந்தால் கலங்க வேண்டாம். மதிப்பெண்கள் கல்வித் துறையிலிருந்து நேராகப் பல்கலைக்கழகங்களுக்குச் செல்கின்றன. அவற்றைச் சரிபார்த்து நிலையை மாற்றுவதற்குச் சில நாட்கள் பிடிக்கும். ஓரிரு புள்ளிகள் மட்டுமே குறைந்திருந்து இடமும் மீதமிருந்தால், சில துறைகள் இறங்கி வருவதுண்டு. ஆகவே உங்கள் பெயரை நீக்கிவிட்டோம் என்று அவர்கள் சொல்லும் வரை நீங்களாக அந்த இடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். அதே சமயம் அதை மட்டும் நம்பி மற்ற வேலைகளை நிறுத்தவும் கூடாது.

குவாசூலு-நட்டாலில் வாழ்வோருக்கு மிக முக்கியமான வாசல் டர்பனில் இயங்கும் சி.ஏ.ஓ. என்ற மைய விண்ணப்ப அலுவலகம். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகம், டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், உம்லாசியில் உள்ள மங்கோசுது தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சூலுலாந்து பல்கலைக்கழகம் ஆகியவற்றுக்கான விண்ணப்பங்கள் அதன் வழியே செல்கின்றன. முடிவு வந்தபின் ‘சேஞ்ச் ஆஃப் மைண்ட்’ என்ற பெயரில் ஒரு குறுகிய காலம் திறக்கும். அப்போது ஏற்கெனவே விண்ணப்பித்தவர்கள் தங்கள் படிப்புத் தேர்வுகளை மாற்றவோ புதியவற்றைச் சேர்க்கவோ முடியும். இன்னும் இடமுள்ள படிப்புகளின் பட்டியலைப் பார்த்து, உங்கள் உண்மையான மதிப்பெண்ணுக்குப் பொருந்துவனவற்றை மட்டும் சேர்க்க வேண்டும். ஆசைக்காக மறுபடியும் மருத்துவத்தையும் சட்டத்தையும் முதலிடத்தில் போட்டு, கிடைக்கக்கூடிய படிப்பைக் கடைசியில் தள்ளுவது மிகப் பரவலான பிழை. தேர்வுகளை வரிசைப்படி பரிசீலிக்கும் முறையில், அந்த வரிசையே உங்கள் முடிவாகிறது.

நாடு முழுவதற்குமாக உயர்கல்வித் துறை நடத்தும் மைய ஏற்பாடு ஒன்றும் உண்டு. அதைச் சுருக்கமாக ‘கேச்’ என்கிறார்கள். விண்ணப்பித்தும் இடம் கிடைக்காதவர்களும், உரிய காலத்தில் விண்ணப்பிக்கத் தவறியவர்களும் ஜனவரியில் அதில் பதிவு செய்யலாம், கட்டணம் இல்லை. உங்கள் விவரமும் மதிப்பெண்ணும் இடம் மீதமுள்ள பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் காட்டப்படும். அவர்கள் உங்களைத் தொடர்புகொள்வார்கள். இது இடம் தரும் அமைப்பல்ல, அறிமுகம் செய்துவைக்கும் அமைப்பு. பதிவு செய்வதால் இழப்பு ஏதும் இல்லை என்பதால் எல்லோரும் செய்துவைப்பது நல்லது. பதிந்த பின் அறிமுகமில்லாத எண்ணிலிருந்து வரும் அழைப்புகளையும் எடுக்க வேண்டும். கொடுத்த தொலைபேசி எண்ணையும் மாற்றக் கூடாது.

நேரில் போய் வரிசையில் நின்றால் இடம் கிடைத்துவிடும் என்ற எண்ணம் பழைய தலைமுறையினரிடம் இன்னும் இருக்கிறது. 2012 ஜனவரியில் ஜொகானஸ்பர்க் பல்கலைக்கழக வாயிலில் கடைசி நேர விண்ணப்பத்துக்காகத் திரண்ட கூட்டத்தின் நெரிசலில், தன் பிள்ளையின் இடத்துக்காக வந்திருந்த ஒரு தாய் உயிரிழந்தார். அதன் பிறகு நேரில் வருவோரை ஏற்கும் வழக்கம் பெரும்பாலும் கைவிடப்பட்டு, கடைசி நேர விண்ணப்பங்கள் இணையவழிக்கு மாறிவிட்டன. எனவே வாயிலில் காத்திருக்கும் நேரத்தை வீட்டில் இணைய இணைப்புடன் செலவிடுவதே பயனுள்ளது.

பணம் கொடுத்தால் இடம் வாங்கித் தருகிறேன் என்று சொல்பவர்கள் இந்த வாரத்தில்தான் வருவார்கள். சில சமயம் கோயிலிலோ உறவு வட்டத்திலோ அறிமுகமானவர் மூலமாகவே வருவார்கள். பல்கலைக்கழக இடம் விற்பனைக்கு இல்லை; அப்படிக் கொடுத்த பணம் திரும்புவதும் இல்லை.

இதே வாரத்தில் அடையாள அட்டையின் நகலையும் மதிப்பெண் விவரத் தாளின் நகலையும் காவல் நிலையத்தில் காட்டிச் சான்றொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. மூலச் சான்றிதழ் கைக்கு வர மாதங்கள் ஆகும். அதுவரை விவரத் தாளே போதும். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட சான்றொப்பத்தைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை என்பதால், முன்பே வாங்கிய பழையவற்றை நம்பி இருக்க வேண்டாம்.

மறுகூட்டலும் மறுமதிப்பீடும்: எப்போது பயன் தரும்?

ஒரு மாணவியின் மதிப்பெண்களை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலம் 68, ஆஃப்ரிகான்ஸ் 62, கணிதம் 58, பௌதிக அறிவியல் 61, உயிர் அறிவியல் 72, கணக்கியல் 55, லைஃப் ஓரியன்டேஷன் 84. கடைசிப் பாடத்தை விட்டுவிட்டு நிலைகளாக மாற்றினால் 5, 5, 4, 5, 6, 4 என்று வரும், கூட்டினால் 29. அவருக்குத் தரப்பட்ட நிபந்தனை, மொத்தம் 30 புள்ளிகளும் கணிதத்தில் 5-ஆம் நிலையும். பார்வைக்கு இரண்டு நிபந்தனைகள் தவறியது போலத் தோன்றினாலும், உண்மையில் தவறியது ஒன்றுதான். கணிதம் 58-லிருந்து 60-க்கு உயர்ந்தால் அந்தப் பாடம் 5-ஆம் நிலைக்கு வரும். மொத்தமும் தானாக 30 ஆகிவிடும். கணக்கியல் விடைத்தாளை மறுமதிப்பீட்டுக்கு அனுப்புவதில் பொருளில்லை. அடுத்த நிலைக்கு அங்கே 5 சதவீதம் தேவை, அதோடு கணித நிபந்தனையும் அப்படியே நிற்கும்.

இனி அந்த 2 சதவீதம் எவ்வளவு பெரியது என்று பார்க்க வேண்டும். கணிதத்தில் தலா 150 மதிப்பெண்ணுக்கு இரண்டு தாள்கள். பள்ளி அளவிலான மதிப்பீட்டுக்கு 100. ஆக மொத்தம் 400. பள்ளி மதிப்பீடு மாறப்போவதில்லை. எனவே 2 சதவீத உயர்வு முழுவதும் இரண்டு விடைத்தாள்களிலிருந்தே வர வேண்டும். அது சுமார் 8 மதிப்பெண். ஒரு கேள்வி திருத்தப்படாமல் விடுபட்டிருந்தாலோ ஒரு பக்கத்தின் கூட்டல் தவறியிருந்தாலோ இது நடக்கும். திருத்துபவர் கொஞ்சம் தாராளமாக இருந்திருக்கலாம் என்ற நம்பிக்கையில் மட்டும் 8 மதிப்பெண் வந்துவிடாது.

மறுகூட்டலில் மதிப்பெண்கள் சரியாகக் கூட்டப்பட்டனவா, எல்லா விடைகளும் திருத்தப்பட்டனவா என்று மட்டுமே பார்ப்பார்கள். மறுமதிப்பீட்டில் விடைத்தாள் முழுவதும் மறுபடி திருத்தப்படும்; கட்டணமும் கூடுதல். இரண்டுக்கும் முடிவு வந்த சில வாரங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அரசுத் தேர்வு எழுதியவர்கள் அடிப்படைக் கல்வித் துறையின் இணையதளம் வழியாகவோ பள்ளி வழியாகவோ, பெரும்பாலும் தனியார் பள்ளிகளுக்கான ஐ.இ.பி. வாரியத்தின் தேர்வு எழுதியவர்கள் அந்த வாரியத்தின் வழியாகவோ விண்ணப்பிக்கலாம். ஒரு நிலையைத் தாண்ட ஓரிரு சதவீதமே குறைந்திருக்கும் பாடத்துக்கும், இடைக்காலத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் இறுதி மதிப்பெண்ணுக்கும் பெரிய வேறுபாடு தெரியும் பாடத்துக்கும் விண்ணப்பிப்பதே அறிவுடைமை. அந்தப் பாட ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இந்த மதிப்பெண் நியாயமானதா என்று அவரைப் போல வேறு யாரும் சொல்ல முடியாது.

மறுமதிப்பீட்டின் முடிவு வருவதற்குள் பல்கலைக்கழகங்களில் பதிவு நடந்துகொண்டிருக்கும். சில இடங்களில் வகுப்புகளே தொடங்கியிருக்கும். ஆதலால் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்திருப்பதைத் துறைக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிட்டு, அந்த முடிவு வராது என்று எண்ணிக்கொண்டே மற்ற வழிகளில் தொடர வேண்டும்.

அதே படிப்பை அடைய வேறு பாதைகள்

பேச்சிலர் பாஸ் இருந்து, புள்ளிகளோ ஒரு பாட நிலையோ மட்டும் குறைந்தவர்கள் முதலில் கேட்க வேண்டியது நீட்டிக்கப்பட்ட பட்டப்படிப்பைப் பற்றி. மூன்றாண்டுப் பட்டத்தை நான்காண்டுகளில், தொடக்கத்தில் கூடுதல் பயிற்சியுடன் கற்பிக்கும் முறை இது. குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் அறிவியலுக்கு ‘பி.எஸ்சி.4’ என்ற பெயரில் இந்த ஏற்பாடு உள்ளது. பிற பல்கலைக்கழகங்களிலும் வணிகவியல், பொறியியல், கலைத் துறைகளில் இதுபோன்றவை உண்டு. சிலவற்றில் மாணவர் படித்த பள்ளியின் சூழலையும் தகுதியாகப் பார்ப்பார்கள் என்பதால் விவரத்தைத் துறையிலேயே கேட்டறிய வேண்டும். ஒரு வருடம் வீணாகிறதே என்று பெற்றோர் தயங்குவதைப் பார்க்கிறேன். அந்தத் தயக்கம் தேவையற்றது என்றே கருதுகிறேன். கணித அடித்தளம் பலவீனமாக உள்ள மாணவர் மூன்றாண்டுப் படிப்பில் சேர்ந்து முதலாண்டுப் பாடங்களில் தவறினால், அதே ஓராண்டு எப்படியும் போகும். அதோடு தன்னம்பிக்கையும் உதவித்தொகையும் சேர்ந்து போகும். முடிவில் கிடைக்கும் பட்டமும் மூன்றாண்டில் முடித்தவர் பெறும் அதே பட்டம்தான்.

நெருங்கிய துறையில் சேர்ந்து ஓராண்டு நன்றாகப் படித்துவிட்டு விரும்பிய துறைக்கு மாறுவது இன்னொரு பாதை. இதில் கவனம் தேவை. மாற்றம் உரிமையாகக் கிடைப்பதில்லை. இடம் இருந்தால்தான் கிடைக்கும். எனவே மாற முடியாமல் போனாலும் அந்தப் படிப்பையே முடித்து ஒரு வேலைக்குப் போக விருப்பம் உண்டா என்ற கேள்விக்கு ஆம் என்று சொல்ல முடிந்தால் மட்டுமே சேர வேண்டும். மருத்துவத்தை எதிர்பார்த்து உயிர் அறிவியலில் சேரும் பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மருத்துவத்துக்குப் பட்டம் முடித்த பின்னும் வழி உண்டு: ஜொகானஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகம், உரிய பாடங்களுடன் பட்டம் பெற்றவர்களைத் தனித் தேர்வு வைத்து மருத்துவப் படிப்பின் மூன்றாம் ஆண்டில் சேர்த்துக்கொள்கிறது. போட்டி கடுமையானது என்றாலும், பதினெட்டு வயதில் தவறிய வாசல் இருபத்தொரு வயதில் மறுபடி திறப்பது அங்கே உண்மை.

சென்னைக்கோ மணிப்பாலுக்கோ சீனாவுக்கோ அனுப்பிவிடலாம் என்று முடிவெடுக்கும் குடும்பங்கள் ஒன்றை மறக்கக் கூடாது. வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே பணியாற்ற, எச்.பி.சி.எஸ்.ஏ. எனப்படும் சுகாதாரத் தொழில் மன்றத்தின் தேர்வைக் கடக்க வேண்டியிருக்கும். பணம் கட்டும் முன்பே அந்த மன்றத்திடமும், பட்டங்களின் தகுதியை மதிப்பிடும் சாக்குவா அமைப்பிடமும் அந்தக் கல்லூரியைப் பற்றி எழுதிக் கேட்டுப் பதிலைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

டிப்ளமா பாஸ் பெற்றவர்களுக்குத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களே நேர் வழி. மூன்றாண்டு டிப்ளமாவை முடித்தபின் ஓராண்டு உயர்நிலை டிப்ளமா படித்தால் இளங்கலைப் பட்டத்துக்கு இணையான ஏழாம் தகுதிநிலையை அடையலாம். அங்கிருந்து முதுகலை வரை ஏற வழியுண்டு. உயர் சான்றிதழ் பாஸ் பெற்றவர்கள் ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பில் நல்ல மதிப்பெண் எடுத்து டிப்ளமாவிலோ, சில இடங்களில் பட்டப்படிப்பிலோ சேரலாம். தொலைக்கல்வியில் பழமையான யூனிசாவும் இத்தகைய சான்றிதழ்ப் படிப்புகளை நடத்துகிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்க வேண்டியவர்களுக்கு அது பொருந்தும். ஆனால் தனியாக அமர்ந்து படிக்கும் கட்டுப்பாடு இல்லாத பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

டிப்ளமா என்றால் முகம் சுளிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2002-இல் இரண்டு நிறுவனங்கள் இணைந்து உருவானது. அவற்றில் ஒன்று எம்.எல். சுல்தான் தொழில்நுட்பக் கல்லூரியின் வழிவந்தது. இந்தியர்களுக்கு வேறெங்கும் தொழிற்கல்வி கிடைக்காத காலத்தில், திருவிதாங்கூரிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளியாக நட்டாலுக்கு வந்து உழைத்துப் பொருள் சேர்த்த ஒருவர் அளித்த கொடையால் 1940-களில் எழுந்தது அது. நம் தாத்தா, பாட்டி தலைமுறையில் எத்தனையோ பேர் கணக்கர்களாகவும் தொழில்நுட்பர்களாகவும் தலைநிமிர்ந்தது அந்த வாசல் வழியாகத்தான். அந்த வாசலை இரண்டாந்தரம் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது நியாயமல்ல.

நாட்டில் 50 அரசுத் தொழிற்கல்லூரிகள் உள்ளன. மின்பணி, பற்றவைப்பு, கொதிகலன் வேலை, வாகனப் பழுதுபார்ப்பு போன்ற கைத்தொழில்களில் தேர்ச்சித் தேர்வு முடித்தவருக்கு வேலைச் சந்தையில் உள்ள மதிப்பைச் சொல்லத் தேவையில்லை. கையால் செய்வதில் மகிழும் பிள்ளையை வணிகவியல் பட்டத்துக்குள் தள்ளுவதற்கு முன், டெக்வினி, கோஸ்டல் போன்ற கல்லூரிகளின் பாடப் பட்டியலை அவனோடு அமர்ந்து பாருங்கள்.

தனியார் கல்லூரிகளைப் பொறுத்தவரை மூன்றைச் சரிபார்த்தால் போதும்: உயர்கல்வித் துறையின் பதிவேட்டில் அந்தக் கல்லூரியின் பெயர் உள்ளதா, நீங்கள் சேரப்போகும் அதே படிப்பு சாக்குவாவில் பதிவாகியுள்ளதா, மொத்தக் காலத்துக்கும் கட்டணம் எவ்வளவு. முதல் இரண்டில் ஒன்றுக்காவது ‘இன்னும் பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தால் பணம் கட்டாதீர்கள்.

பணம்

அரசு உதவித்தொகையான என்.எஸ்.எஃப்.ஏ.எஸ்., ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்கு மிகாத குடும்பங்களின் பிள்ளைகளுக்கு உரியது. மாற்றுத்திறனாளிகளுக்கு அந்த வரம்பு 6,00,000 ராண்ட். ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் போனதால் அந்த ஒப்புதலும் போய்விடாது. வேறொரு அரசுப் பல்கலைக்கழகத்திலோ அரசுத் தொழிற்கல்லூரியிலோ தகுதியான படிப்பில் பதிவு செய்தால் அது உங்களைத் தொடரும். தனியார் கல்லூரிக்குத் தொடராது. இந்த ஒரு வேறுபாடே பல குடும்பங்களின் முடிவை மாற்ற வேண்டும்; மாற்றாமல் விட்டு, பிப்ரவரியில் கையொப்பமிட்ட ஒப்பந்தத்துக்கு ஆண்டு முழுவதும் கடன் கட்டுபவர்கள் உண்டு.

வரம்புக்குச் சற்று மேலே, 6,00,000 ராண்ட் வரை வருமானமுள்ள நடுத்தரக் குடும்பங்களுக்காக 2024-இல் ஒரு கடன் திட்டம் அறிவிக்கப்பட்டது. அது கடன்தான், கொடையல்ல என்பதை உணர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலை அனுமதியில் வந்து வாழும் குடும்பங்களின் பிள்ளைகள், இடம் கிடைத்தாலும் அரசு உதவித்தொகை இல்லாமல் படிக்க வேண்டியிருக்கும் என்ற கணக்கை முதலிலேயே போட்டுவிட வேண்டும்.

பிள்ளையிடம் பேசுவது

இந்த வாரங்களில் வீட்டில் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசும் நேரத்தைக் குறைத்து, ஒரு நாளில் ஒரு முறை, உட்கார்ந்து, அன்று செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பற்றி மட்டும் பேசுங்கள். சித்தப்பா மகள் எங்கே சேர்ந்தாள் என்ற பேச்சைப் பிள்ளையின் முன்னால் எடுக்க வேண்டாம். விருந்தினர் கேட்டால் அப்பாவோ அம்மாவோ முந்திக்கொண்டு, ‘பார்த்துக்கொண்டிருக்கிறோம்’ என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடலாம். பதில் சொல்லும் பாரத்தைப் பிள்ளையின் தலையில் வைக்கக் கூடாது. பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், யாரிடமும் பேசாமல் ஒதுங்கினாலோ, உயிர் வாழ விருப்பமில்லை என்ற பொருளில் ஏதேனும் சொன்னாலோ, சேர்க்கை வேலையெல்லாம் நிற்கட்டும். மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றுக்கான தென்னாப்பிரிக்க அமைப்பான சாடாக் நடத்தும் 0800 567 567 என்ற இலவச எண்ணை உடனே அழையுங்கள். முடிவு வெளியாகும் நாட்களில் இப்படிப்பட்ட அழைப்புகள் வருவது அவர்களுக்குப் பழக்கமானதே; நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

மீண்டும் எழுதுவது

எல்லா வழிகளையும் பார்த்த பின்னும், குறிப்பிட்ட ஒரு படிப்பே வேண்டும் என்றிருப்பவர்களுக்கும், பேச்சிலர் பாஸ் ஒரு பாடத்தில் தவறியவர்களுக்கும் ரீரைட் எனப்படும் மறுதேர்வு உண்டு. மே-ஜூன் மாதங்களில் நடக்கும் தேர்வுக்கு வழக்கமாகப் பிப்ரவரித் தொடக்கத்திலேயே பதிவு முடிந்துவிடுகிறது. அதாவது மதிப்பெண் வந்த மூன்றாம், நான்காம் வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். வேறு படிப்பில் சேர்வதா, மீண்டும் எழுதுவதா என்று முடிவாகாதவர்களும் இந்தப் பதிவைச் செய்துவைத்துவிடலாம். பின்னர் தேவையில்லையென்றால் எழுதாமல் விடலாம், ஆனால் பதியாமல் விட்டவர் எழுத முடியாது. ஜூனைத் தவறவிட்டவர்கள் தனித் தேர்வராக நவம்பரில் எழுதலாம். அதற்கும் தனிப் பதிவு உண்டு.

ஏழு பாடங்களையும் மறுபடி எழுத வேண்டியதில்லை. மேலே சொன்ன மாணவியைப் போன்றவருக்குக் கணிதம் ஒன்றே போதும். ஒரு பாடம், அதிகமானால் இரண்டு பாடங்கள் என்று எடுத்து, மாதங்கள் முழுவதையும் அவற்றுக்கே கொடுப்பவர்களுக்குத்தான் மதிப்பெண் உயர்கிறது. நான்கைந்தை ஒன்றாக எடுத்தவர்கள் பெரும்பாலும் முன்பிருந்த இடத்திலேயே நிற்கிறார்கள். அடிப்படைக் கல்வித் துறை 2016 முதல் நடத்தும் ‘இரண்டாம் வாய்ப்பு’ மெட்ரிக் திட்டத்தில் பாடக்குறிப்புகளும், பழைய வினாத்தாள்களும், சில மையங்களில் நேரடி வகுப்புகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. தனியார் ரீரைட் மையத்துக்குப் பணம் கட்டும் முன் அவற்றைப் பாருங்கள். வெவ்வேறு தேர்வுகளில் பெற்ற மதிப்பெண்களைச் சேர்த்துக் கணக்கிடுவதில் பல்கலைக்கழகங்களிடையே வேறுபாடு உண்டு. சில போட்டிமிகு படிப்புகள் முதல் முறை எழுதியவர்களுக்கே முன்னுரிமை தரலாம். ஆகவே நீங்கள் குறிவைக்கும் துறைக்கு மின்னஞ்சல் எழுதி, பதிலை எழுத்தில் பெற்ற பிறகே மறுதேர்வு எழுதுவதை உறுதி செய்யுங்கள்.

மறுதேர்வு எழுதுபவர்கள் அதிகம் தவறவிடுவது அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பத் தேதியை. ஜூன் தேர்வின் முடிவு ஆகஸ்டில்தான் வரும். அதற்குள் கேப்டவுன் போன்ற பல்கலைக்கழகங்களின் காலக்கெடு முடிந்திருக்கும். மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்கு ஜூன் மாதத்திலேயே கதவு மூடிவிடும். சி.ஏ.ஓ. வழியான மற்றப் படிப்புகளுக்கு மட்டும் செப்டம்பர் இறுதி வரை நேரம் இருப்பது வழக்கம். எனவே பழைய மதிப்பெண்களைக் கொண்டே ஏப்ரல், மே மாதங்களில் விண்ணப்பித்துவிட்டு, ஆகஸ்டில் புதிய மதிப்பெண் வந்ததும் அதன் விவரத் தாளைச் சான்றொப்பமிட்டு விண்ணப்ப எண்ணுடன் அனுப்பிவைக்க வேண்டும். உதவித்தொகைக்கான விண்ணப்பமும் அதே போல முந்தைய ஆண்டின் பிற்பகுதியிலேயே திறந்து மூடிவிடுகிறது. இடம் உறுதியாகட்டும் என்று அதற்காகக் காத்திருக்கக் கூடாது.